ஈரக்காலும் குதிரை ரோமமும்

ஐரோப்பாவின் குளிர்காலம் ஆம்பூரில் கத்திரி வெயிலோடு தொடங்கிவிடுகிறது. அக்டோபரில் அங்கே கடைகளில் அடுக்க வேண்டிய பூட்ஸை இங்கே கோடையிலேயே வெட்டித் தைத்து முடித்தாக வேண்டும். வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது ஷூ கம்பெனிக்குள் தையல் பிரிவுப் பெண்கள் அடர்ந்த ரோமத் துணியை லைனிங்காக வைத்து மிஷினில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பாலாற்றங்கரையில் குளிர் என்றால் மார்கழி விடியற்காலைதான். பதினெட்டு டிகிரியைத் தொட்டாலே மங்கி கேப் வெளியே வந்துவிடும். உறைபனியைக் கண்ணால் பார்த்திராத கைகள் செய்யும் பூட்ஸ், உறைபனியில் நிற்கப் போகிறவரின் காலைக் காக்க வேண்டும்.

அப்படி நிற்கிறவர்களில் நான் எடுத்துக்கொள்வது குதிரைக்காரரை. குளிரில் செய்யும் வேலைகளில் அவருடையது ஒரு தினுசானது. மலையேறுகிறவர் நடந்துகொண்டே இருப்பதால் உடம்பு தானாகச் சுடும். இரவுக் காவலர் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் கனமாகப் போர்த்திக்கொண்டால் தீர்ந்தது. குதிரைக்காரருக்கு இரண்டும் மாறி மாறி வரும். லத்தியையும் மூத்திரத்தில் நனைந்த வைக்கோலையும் வாரிக் கொட்டி முடிப்பதற்குள் முதுகு வியர்த்துவிடும். அடுத்த கணமே, குளம்பை மடியில் தூக்கி வைத்துக் கல்லையும் மண்ணையும் சுரண்ட அசையாமல் குனிந்து நிற்க வேண்டும். நடுவில் தண்ணீர்த் தொட்டியும் வாளியும் வந்து கையை நனைத்துவிடும். இவரிடம் ‘இன்னும் கனமாக ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது தவறான யோசனை.

நம்மைச் சூடாக வைத்திருப்பது கம்பளியல்ல. கம்பளி இழைகளுக்குள் அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று. வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர், அசையாத காற்றைவிட ஏறக்குறைய 24 மடங்கு வேகம். ஆகவே அந்தக் காற்று இருந்த இடத்தில் வியர்வை புகுந்ததும் போர்வை பாலமாகிவிடுகிறது. இது பாதிக் கதைதான். வியர்வை உலரும்போது கிராமுக்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட். கணக்குப் போட்டுப் பார்த்தால், சட்டைக்குள் தேங்கிய ஒரு டம்ளர் வியர்வையை உலர்த்த உடம்பு ஒரு மணி இருபது நிமிடம் உழைத்துச் சம்பாதித்த வெப்பம் செலவாகும். வெயிலில் இது வரம். அதிகாலை லாயத்தில், குனிந்து குளம்பு சுரண்டும் நேரத்தில், இதுதான் நடுக்கம்.

எனவே வாரும் வேலையைத் தொடங்கும் முன்பே மேல்சட்டை ஒன்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும். முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் குளிரட்டும். வேலை முடிந்ததும், நடுங்க ஆரம்பிக்கும் முன், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். உடம்பை ஒட்டி அணிவது பருத்திப் பனியனாக இருக்கக் கூடாது. திருப்பூர் மன்னிக்கட்டும். பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டிக்கிடக்கும். கம்பளி இழையோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது; உள்வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடும்.

தலை வழியாகத்தான் பாதி வெப்பம் போகிறது என்று நம்பி, கால் விரல் தெரிய ரப்பர் செருப்போடு நின்றுகொண்டு காதுக்கு மட்டும் மஃப்ளர் சுற்றுகிறவர்கள் நம்மில் ஏராளம். தலை உடம்புப் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. போகும் வெப்பமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். மஃப்ளர் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது காலை.

நெஞ்சும் மூளையும் 37 டிகிரியில் இருந்தாக வேண்டும் என்பதற்காக, குளிர் வந்ததும் உடம்பு முதலில் கைவிடுவது விரல்களை. அங்கே போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வரத்தைக் குறைத்துவிடுகிறது. அதோடு உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் உடம்பிலேயே மிக நெருக்கமாக இருக்கின்றன. அந்தக் கால் மணிக்கணக்கில் சிமென்ட் தரையை மிதித்துக்கொண்டு நிற்கிறது. ரத்தம் குறைவு, ஈரம் அதிகம், அடியில் குளிர்ந்த கல் என மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. அதற்கு மருந்தாக இரண்டு ஜோடி சாக்ஸைப் போட்டுப் பூட்ஸுக்குள் காலைத் திணிப்பவர், இருந்த காற்றையும் வெளியே தள்ளி, விரல்களுக்கு வரும் கொஞ்ச ரத்தத்தையும் நெரித்துவிடுகிறார். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். அசைக்க முடியாத பூட்ஸ், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும், குளிர்காலப் பூட்ஸல்ல. நிற்கும் இடத்தில் ஒரு கற்றை உலர்ந்த வைக்கோலைப் போட்டு அதன்மேல் நிற்பது காசில்லாத வைத்தியம்.

ஆம்பூர்க்காரர்களின் விஷயம் இங்கேதான் வருகிறது. தோல், காற்றளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும் பொருளல்ல. கம்பளியே அதைவிட மூன்று நான்கு மடங்கு மேல். குளிர்காலப் பூட்ஸில் தோலின் வேலை சூடு தருவதல்ல, தண்ணீரை நிர்வகிப்பது. வெளியிலிருந்து வரும் நீரை நிறுத்தி, உள்ளிருந்து எழும் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விட வேண்டும். ரப்பர் கம்பூட் முதல் பாதியை ஒழுங்காகச் செய்யும், இரண்டாவதில் தோற்றுப்போகும். லாயத்தைக் கழுவும் அரை மணிக்குக் கம்பூட் சரி. நாள் முழுக்க அதிலேயே நின்றால் கால் தன் வியர்வையிலேயே ஊறும்.

தோல் இந்த இரண்டையும் செய்யக் காரணம் அதன் நெசவு. எடை போட்டால் உலர்ந்த தோலில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். ஆம்பூரில் காலை நேரத்தில் ஆட்டுக்கால் பாயா சாப்பிடுகிறவர்களுக்கு அது பழக்கமான பொருள்தான்: ஆறிய பாயா கெட்டியாகி நிற்பது கொதித்து அவிழ்ந்த கொலாஜனால். அதன் மூலக்கூறில் மூன்று சங்கிலிகள் கயிறாக முறுக்கிக் கிடக்கின்றன என்ற மாதிரியை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். அவர்கள் எக்ஸ் கதிரில் ஆராய்ந்தவற்றில் கங்காரு வால் தசைநாரும் ஒன்று. அவர்களின் ஆய்வகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் என்ன பொருள் என்று அறிவதற்கும் தோலை என்ன செய்வது என்று அறிவதற்கும் அடையாறு, கிண்டிப் பக்கத்தில் நடுவே ஒரு சாலைதான்.

பதனிடாத ஈரத்தோலைச் சூடாக்கினால் 60, 65 டிகிரியில் அந்த முறுக்கு அவிழ்ந்து தோல் சுருண்டுவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்பால் பதனிட்ட தோல் 75, 80 டிகிரி வரை தாங்கும். குரோம் உப்பில் பதனிட்ட ‘வெட் ப்ளூ’ தோல் கொதிநீரையே தாங்கும். இழைகளுக்கு இடையே பாலம் போட்டு முறுக்கைப் பூட்டிவைப்பதுதான் பதனிடுதல். பூட்டிய பிறகும் இழைகளுக்கு நடுவே இண்டு இடுக்குகள் மிச்சமிருக்கின்றன. பகலில் வியர்வை ஆவி அங்கே ஏறும். இரவில் பூட்ஸைக் கழற்றி வைத்தால் இறங்கும். நல்ல தோலுக்குள் ஈரம் ஏறியது கண்ணுக்கே தெரியாது.

இதைக் கெடுப்பதும் எளிது. தழும்பும் உண்ணிக்கடியும் உள்ள மட்டமான தோலின் மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து, கனமான பிளாஸ்டிக் பூச்சு ஏற்றி, செயற்கையாக ரோமக்கண் அச்சு போட்டுவிட்டால் பார்க்கப் பளபளவென்றிருக்கும். விலைச்சீட்டில் ‘அசல் தோல்’ என்றும் போடலாம். ஆனால் ஆவி போகும் வழி அடைபட்டுப் போயிற்று. தோல் விலையில் வாங்கிய ரப்பர் அது. சரியான முறை, டேனரியில் டிரம்மில் உருட்டும்போதே நீரை விலக்கும் பொருளை ஒவ்வோர் இழையின் மேலும் மெல்லிய படலமாக ஏறவிடுவது. இழை நனையாது, இடைவெளியும் அடையாது. கடையில் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெட்டுவாயில், பூச்சு தனித் தோலாக உரிகிறதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பதுதான் வழி. கடைக்காரர் முறைப்பார்.

வட ஆற்காட்டையும் சேர்த்து அன்றைய சென்னை மாகாணம் ஆவாரம்பட்டையில் பதனிட்டு அனுப்பிய மாட்டுத்தோலுக்கு இங்கிலாந்துச் சந்தையில் நல்ல பெயர் இருந்தது. முதல் உலகப் போரில் அது ராணுவப் பூட்ஸின் மேல்தோலாகப் போயிற்று. தேவை பெருகவே ஏற்றுமதியை அரசே கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அந்தப் பூட்ஸுக்குள் இருந்த கால்களுக்கு நேர்ந்ததை மருத்துவ உலகம் ‘பதுங்குகுழிப் பாதம்’ என்று குறித்து வைத்திருக்கிறது. உறைநிலைக்கும் பத்துப் பதினைந்து டிகிரிக்கும் இடைப்பட்ட, அப்படியொன்றும் கொடூரமில்லாத குளிர்தான். ஆனால் சேற்றில் நாள்கணக்கில் ஊறிய கால், இறுக்கிக் கட்டிய பட்டை, கழற்றாத பூட்ஸ் எல்லாம் சேர்ந்தபோது நரம்பும் சதையும் செத்தன. அதைக் குறைத்தது இன்னும் கனமான பூட்ஸ் அல்ல. நாள்தோறும் கழற்றிக் காலைத் துடைத்துத் தேய்த்துவிட்டு, உலர்ந்த சாக்ஸை மாட்ட வேண்டும் என்று போட்ட கட்டளைதான்.

அதே போர்முனையில் குதிரைகளுக்கும் ஒரு பாடம் நடந்தது. இந்த அத்தியாயத்தில் என்னை மிகவும் உறுத்துவதும் அதுதான். 1916 – 17 குளிர்காலத்தில் சொறிப்பூச்சி பரவாமலிருக்க பிரிட்டிஷ் ராணுவம் தன் குதிரைகளின் ரோமத்தை ஒட்ட வெட்டிவிட்டது. பூச்சியைப் பொறுத்தவரை நியாயமான யோசனைதான். தீனியும் அப்போது குறைக்கப்பட்டிருந்தது. 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள், அராஸ் போர் தொடங்கிய நாளில் பனிமழை பிடித்துக்கொண்டது. ரோமமில்லாமல், வயிறு நிறையாமல், சேற்றில் பீரங்கி இழுத்த குதிரைகள் குண்டடி படாமலே கொத்துக் கொத்தாக விழுந்தன. இந்தியக் குதிரைப் படைகளும், சைஸ் எனப்பட்ட அவற்றின் குதிரைக்காரர்களும் அப்போது பிரான்சில்தான் இருந்தார்கள்.

வெட்டி எறியப்பட்ட அந்த ரோமம் என்ன செய்துகொண்டிருந்தது? ஒவ்வொரு மயிருக்கும் அடியில் ஒரு குட்டித் தசை உண்டு. குளிரில் அது மயிரை நிமிர்த்த, உள்ளே அசையாத காற்று ஒரு விரல்கடைக்கு நிற்கும். வெளிமயிர்களில் படிந்த எண்ணெய்ப் பசை மழையைச் சரித்துவிடும். நன்றாக ரோமம் வளர்ந்த குதிரையின் முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடக்கும். உள்ளிருக்கும் சூடு மேலே வந்து சேரவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அடைமழையில் ரோமம் அடிவரை நனைந்து படுத்துவிட்டால் அதே குதிரை பூஜ்யத்துக்கு மேலேயே நடுங்கும். கனடாவின் குளிருக்குப் பழகிய குதிரை மைனஸ் 15 டிகிரி வரை கூடுதல் வெப்பம் உண்டாக்காமல் சமாளிக்கும். மிதமான இடத்தில் வாழும் குதிரைக்கு அந்த எல்லை 5 டிகிரி அளவிலேயே வந்துவிடும்.

குளிர்கால ரோமத்தை வளர்க்கச் சொல்லும் முதன்மையான தூதுவன் குளிரல்ல, வெளிச்சம். பகல் சுருங்கச் சுருங்க ரோமம் அடர்கிறது. அராஸ் இருக்கும் அட்சரேகையில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரம். வேலூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். இந்தப் பக்கத்துக்குக் குதிரை புதிதல்ல. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது அதை அடக்க பிரிட்டிஷ் தளபதி கில்லஸ்பி ஆற்காட்டு முகாமிலிருந்து குதிரைப் படையோடுதான் விரைந்து வந்தார். (தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையும் அந்த எழுச்சிக்கு ஒரு காரணம் என்பதைத் தோல் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது.) ஆனால் சமவெளிக் குதிரைக்கு இங்கே குளிர்கால ரோமம் தேவைப்பட்டதேயில்லை.

ஊட்டியில்தான் சிக்கல். 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் தெளிந்த இரவுகளில் உறைபனி. அட்சரேகையோ வேலூரைவிடவும் தெற்கே. குளிர் வருகிறது, ஆனால் அதை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்குப் பகல் சுருங்குவதில்லை. அங்கே ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக் குதிரைகளை நினைத்துப் பாருங்கள்: குளிர் கொஞ்சம் ரோமத்தைக் கூட்டியிருக்கும், ஆனால் கனடாக் குதிரைக்கு வாய்த்த போர்வை இவற்றுக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து முடிந்த கையோடு மார்கழிப் பனிக்கு வந்து நிற்கின்றன.

உறைபனி இரவில் காற்றின் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி இருக்கும்போதே புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மேகமில்லாத வானத்தை நோக்கித் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழப்பதால் அப்படி. திறந்த வெளியில் நிற்கும் குதிரையின் முதுகும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் தோளும் அதே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே சுவரே இல்லாத வெறும் கூரைகூடப் பாதி உதவி செய்யும். மீதியை, காற்றடிக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு தட்டி செய்துவிடும்.

நாலு பக்கமும் அடைப்பது கூடாது. மனிதருக்குக் குளிர்கிறதே என்று லாயத்தின் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்துவது, எனக்குத் தெரிந்தவரை, குளிர்கால லாயங்களில் அன்பால் நடக்கும் பெரிய தவறு. குதிரைகள் இரவெல்லாம் மூச்சில் விடும் நீராவி கூரைத் தகரத்தில் குளிர்ந்து சொட்டி, வைக்கோலையும் முதுகையும் நனைக்கும். மூத்திரத்தின் யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக்கும். அது நுரையீரலை அரிக்கும். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால், சூடாக இருக்கிறது என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் பூசிய பூட்ஸுக்கு ஆகும் கதிதான் இந்த லாயத்துக்கும்: சூட்டை அடைக்கப் போய் ஈரத்தை அடைத்தாயிற்று. உச்சியில் ஆவி வெளியேற வழி விட்டு, குதிரையின் உயரத்தில் மட்டும் காற்றைத் தடுத்தால் போதும்.

குதிரைக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருப்பதால் அது இவ்வளவையும் தாங்கும். அதன் பெருங்குடலும் அதன் தொடக்கத்தில் உள்ள பெரும் பையும் சேர்ந்தால் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சிதைக்கின்றன. வெப்பம் அதன் உபவிளைவு. குளிருக்குக் கொள்ளு கூடப் போடு என்பது நம் ஊர் வழக்கம். கொள்ளு சூடு என்ற சமையலறை நம்பிக்கை லாயத்துக்கும் போய்விட்டது. கொள்ளு நல்ல தீனி, உழைக்கும் தசைக்கு வேண்டும். ஆனால் இரவு முழுக்க நின்று எரிவது நார்தான். குளிர் இரவுக்கு முன் கூடுதலாகப் போட வேண்டியது இன்னொரு கட்டு உலர்புல். தானியத்தைத் திடீரென்று ஏற்றினால் வயிற்றுவலியும் குளம்பு வீக்கமும் வரும். தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தால் குதிரை குறைவாகக் குடிக்கும். நார் குடலில் கெட்டிப்பட்டு நிற்கும். வெதுவெதுப்பாகக் கொடுப்பது செல்லமல்ல, குடல் வைத்தியம்.

நாம் காலுக்காக இத்தனை பாடுபட, குதிரை உறைபனியில் வெறுங்காலோடு நிற்பது எப்படி? முழங்காலுக்குக் கீழே அதற்குத் தசை கிடையாது, எலும்பும் தசைநாரும்தான். அவற்றுக்குக் கொஞ்ச ரத்தம் போதும், குளிர்ந்தாலும் வேலை செய்யும். இன்னொரு நுட்பமும் உண்டு. குளிர்ப் பிரதேசக் குளம்பு விலங்குகளில் உடம்பின் நடுப்பகுதிக் கொழுப்பு சீக்கிரம் உறைந்துவிடும். கால் நுனிக் கொழுப்போ குளிரிலும் இளகியே இருக்கும், இல்லாவிட்டால் கால் விறைத்துவிடும். இதைத் தோல் தொழில் எப்போதோ கண்டுகொண்டது. மாட்டின் கீழ்க்கால் எலும்பை வேகவைத்து எடுத்த எண்ணெய் குளிரிலும் இறுகாது என்பதால், தோலை மென்மையாக்கவும் சேணம், கடிவாள வாரைப் பாதுகாக்கவும் அதைப் பூசிவந்தார்கள். பனியில் நின்ற மாட்டின் காலை வளையவைத்த அதே குணம், செத்த பிறகு வாரையும் வளையவைக்கிறது.

கைக்கு வருவோம். இரும்பு நம் விரலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும் வேகத்துக்குத் தோலோ மரமோ கிட்டவே வராது. வாளிப் பிடியில் பழைய தோல் துண்டைச் சுற்றித் தைத்துவிட்டால் தினமும் காலையில் பலன் தெரியும். கடிவாளத்தின் வாயிரும்பை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திவைத்திருந்து பிறகு மாட்ட வேண்டும். குதிரையின் நாக்கும் ஈரமானதுதான். தண்ணீர் வேலைக்கு ரப்பர் உறை, மற்றதற்குத் தோல் உறை என இரண்டு ஜோடி வேண்டும். ஒன்றையே எல்லாவற்றுக்கும் போட்டால் பத்து மணிக்குள் இரண்டுக்கும் ஆகாமல் போகும்.

வேலை முடிந்து நனைந்த பூட்ஸை அடுப்போரம் வைப்பவர்களுக்கு மேலே சொன்ன 75 டிகிரியை நினைவூட்ட வேண்டும். பட்டையில் பதனிட்ட ஈரத்தோல் அந்தச் சூட்டில் சுருங்கத் தொடங்கும். குரோம் தோல் சுருங்காவிட்டாலும் எண்ணெய்ப் பசையை இழந்து வெடிக்கும். சோல் ஒட்டிய பசை இளகுவது தனி. உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, காற்றாடும் நிழலில் சாய்த்து வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்ற வேண்டும். குளிர்ந்த ஊரில் ஒரே இரவில் உலராது. அதனால் லாயத்தில் வேலை செய்கிறவருக்கு விலை உயர்ந்த ஒரு ஜோடி வாங்கிக் கொடுப்பதைவிட, அதே பணத்தில் நடுத்தரமான இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடச் சொல்வது மேல்.